குளிர் நாட்டுக் கையுறை: வாங்கி வைப்பதும் பார்த்து விற்பதும்



அரிசி, பருப்பு, நல்லமிளகு, வற்றல் போன்ற சரக்குகளைப் பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிடி அள்ளிப் பார்த்தாலே பழையதா புதியதா, ஈரமா காய்ந்ததா என்று நம் கை சொல்லிவிடும். ஆனால் நாம் ஒரு நாளும் பயன்படுத்தியிராத சரக்கை விற்க நேரும்போது கை எதையும் சொல்லாது. மொத்த வியாபாரி சொன்னதையே நாமும் வாடிக்கையாளரிடம் திருப்பிச் சொல்கிறோம். பனி நாட்டுக்குப் போகிறவர்கள் கேட்கும் குளிர்க் கையுறை அப்படிப்பட்ட சரக்கு.

இந்தப் பாடத்தை நான் கற்றது ஒரு தவற்றின் மூலம். சில ஆண்டுகளுக்கு முன், என் பலசரக்குக் கடையில் குடை, மழைக்கோட்டு, பை வைத்திருக்கும் பக்கத்தில் கொஞ்சம் கம்பளிச் சாமான்களும் வாங்கி வைத்தேன். இருபது ஆண்டுகளாக என்னிடம் பற்று வைத்துச் சாமான் வாங்கும் ஒருவர் வந்தார். மகள் நர்சிங் முடித்துக் கனடாவுக்குப் புறப்படுகிறாள், குளிருக்குக் கையுறை வேண்டும் என்றார். அட்டையில் பனிப்பூப் படம் போட்ட ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். "இது பனிக்கு உள்ளதாக்குமா அண்ணே?" என்று கேட்டார். "ஆமா, படமே போட்டிருக்கே" என்றேன்.

சனவரி மாதத்தில் அந்தப் பெண் வீட்டுக்குத் தொலைபேசியில் அழுதிருக்கிறாள். பேருந்துக்காக நின்ற நேரத்தில் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போய், அறைக்குள் வந்தபின் பொறுக்க முடியாமல் வலித்ததாம். முதல் சம்பளம் வருமுன்பே கடன் வாங்கி அங்கே வேறு கையுறை வாங்கியிருக்கிறாள். தகப்பனார் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "அண்ணே, உங்களுக்குத் தெரியாதுண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற எங்கயாவது கேட்டிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் இந்தச் சரக்கைப் பற்றிக் கேட்டும், படித்தும், பிரித்துப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

யார் வாங்க வருகிறார்கள்?

குழித்துறை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் நாம் பார்ப்பது அனலும் மழையும்தான். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது மிக அரிது. இருந்தும் கையுறை கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். படிப்புக்கும் வேலைக்கும் கனடா, இங்கிலாந்து, செருமனி போகும் பிள்ளைகளின் பெற்றோர் முதல் வகை. காசுமீரத்துக் குல்மார்க், உத்தராகண்டத்து ஔலி, இமாச்சலத்து மணாலி என்று பனி பார்க்கவும் பனிச்சறுக்கு பழகவும் போகும் இளைஞர்கள் இரண்டாம் வகை. ஊட்டி, கொடைக்கானல், மூணாறுக்குப் போகிறவர்கள் மூன்றாம் வகை. மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸ் அள்ளுகிறவர்கள் நான்காம் வகை.

நான்கு பேரும் கேட்பது "குளிருக்குக் கையுறை" என்ற ஒரே சொல்லால்தான். ஆனால் நால்வருக்கும் வேண்டியது நான்கு வெவ்வேறு சரக்கு. நாம் தவறுகிற இடம் இதுவே.

கைவிரல் ஏன் முதலில் குளிர்கிறது?

உடம்பு குளிரும்போது, நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காகக் கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சூடான இரத்தம் விரல் நுனிக்குக் குறைவாகவே போகிறது. விரல்களோ மெலிந்தவை. சதை குறைவு, காற்றுப் படும் பரப்பு அதிகம். ஆகவே சூடு விரைவாகப் போய்விடுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை நாம் மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று, கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை. கையிலிருந்து வரும் சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. பிடித்து வைப்பது துணியும் அல்ல, துணிக்குள் அடைபட்டு நிற்கும் காற்று. இரண்டு, மேலுடம்பு குளிர்ந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கையுறையும் பலன் தராது. கையுறை கேட்பவரிடம் தொப்பியும் நல்ல மேலங்கியும் இருக்கிறதா என்று கேட்பது நம் விற்பனைக்காக மட்டும் அல்ல, அவருடைய நன்மைக்காகவும்தான்.

குளிர் என்பது வெப்பமானியில் காணும் எண் மட்டும் அன்று. காற்றும் சேரவேண்டும். கனடா நாட்டு வானிலைத் துறை பயன்படுத்தும் கணக்கின்படி, வெப்பநிலை சுழிக்குக் கீழே 10 டிகிரியாக இருந்து காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், உடம்புக்கு அது சுழிக்குக் கீழே 20 போலத் தோன்றும். அந்த எண் சுழிக்குக் கீழே 28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகும் ஆபத்து உண்டு. பேருந்துக்காக நிற்கும் நேரமே போதும்.

என் கடையில் விற்ற பின்னல் கையுறையில் என்ன குறை என்பது இப்போது விளங்கும். பின்னலின் கண் வழியே காற்று உள்ளே புகுந்து, அடைபட்டிருக்க வேண்டிய சூடான காற்றை வெளியே தள்ளிவிட்டது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கையுறையின் வாயை உதட்டோடு சேர்த்துப் பிடித்து ஊதுங்கள். மறுபுறம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் வெளியே வந்தால் அது காற்றைத் தடுக்காத சரக்கு.

கையுறையா, மிட்டனா?

ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை இருப்பது நாம் அறிந்த கையுறை. கட்டைவிரலுக்கு ஓர் உறை, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே பை என்று தைத்திருப்பது மிட்டன். நம் ஊர்க் கண்ணுக்கு மிட்டன் சிறுபிள்ளைச் சாமான் போலத் தெரியும். வாடிக்கையாளர்களும் அதைத் தள்ளிவிட்டு விரல் பிரிந்ததையே எடுப்பார்கள். ஆனால் கடுங்குளிருக்கு மிட்டனே மேல்.

காரணம் எளிது. குளிர்ந்த இரவில் பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் நெருங்கிப் படுத்தால் ஒருவர் சூடு மற்றவருக்கு உதவும். ஆளுக்கொரு மெல்லிய போர்வை கொடுத்துத் தனித்தனியே படுக்கவைத்தால் எல்லோரும் நடுங்குவார்கள். மிட்டனில் நான்கு விரலும் ஒரே போர்வைக்குள் இருக்கின்றன. வெளிக்குளிர் படும் பரப்பும் குறைகிறது. ஒரே துணி, ஒரே பஞ்சு என்றால் கையுறையைவிட மிட்டன் எப்போதும் கூடுதல் சூடு தரும்.

மிட்டனின் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. விரல்கள் சேர்ந்திருப்பதால் சாவியைத் திருப்ப முடியாது, காசை எண்ண முடியாது, பித்தான் போட முடியாது, கைப்பேசியைத் தொட முடியாது. அடிக்கடி கழற்ற வேண்டிய வேலைக்காரருக்கு மிட்டன் பயன்படாது. பத்து முறை கழற்றினால் பத்து முறையும் சூடு போகும்.

பனிச்சறுக்கு பழகப் போகிறவருக்கு எது? சறுக்கும்போது இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடிப்பதைத் தவிரப் பெரிய விரல் வேலை இல்லை. மிட்டனைப் போட்டுக்கொண்டே கோலைப் பிடிக்கலாம். ஆகவே கை சீக்கிரம் குளிர்கிறவர்கள், பெண்கள், பிள்ளைகள் மிட்டனை எடுக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு மிட்டன் மாட்டுவதும் எளிது. ஐந்து விரலையும் ஐந்து உறைக்குள் நுழைப்பது பெற்றோருக்குப் பெரும்பாடு. ஒற்றைப் பலகையில் சறுக்குகிறவர்கள் அடிக்கடி குனிந்து வாரைக் கட்டி அவிழ்க்க வேண்டியிருப்பதால் கையுறையை விரும்புகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவே மூன்று பிரிவுள்ள ஒரு வகையும் வருகிறது. கட்டைவிரல் தனி, ஆட்காட்டி விரல் தனி, மற்ற மூன்றும் சேர்ந்து. சூடும் ஓரளவு உண்டு, பிடிப்பும் ஓரளவு உண்டு.

இதைவிட நல்ல வழி, இரண்டையும் சேர்ப்பது. உள்ளே மெல்லிய விரல் கையுறை, அதன்மேல் தாராளமான மிட்டன். சாவி எடுக்கும்போது மேலுள்ளதை மட்டும் கழற்றினால் விரல் வெறுமையாகக் காற்றில் படாது. உள்ளுறை நனைந்தால் அதைத் தனியே உலர்த்தலாம். மேலுறையோடு ஒட்டித் தைத்த பஞ்சு காய ஒரு நாள் முழுவதும் ஆகும். விற்கிற நமக்கும் இது நல்லது. ஒன்றுக்கு இரண்டு சரக்கு போகிறது, அதுவும் ஏமாற்றில்லாமல்.

உள்ளே என்ன இருக்கிறது?

நல்ல பனிக் கையுறையில் மூன்று பகுதிகள் இருக்கும். வெளியே உறுதியான மேலுறை, நடுவே சூடு காக்கும் பஞ்சு, உள்ளே தோலில் படும் மெல்லிய துணி.

பஞ்சில் மூன்று வகை அறிந்தால் போதும். முதலாவது பறவையின் மென்தூவி. எடை குறைவு, சூடு அதிகம், விலையும் அதிகம். ஆனால் நனைந்தால் கட்டிதட்டிப் பயனற்றதாகிவிடும். காய்ந்த கடுங்குளிருக்கு ஏற்றது. இரண்டாவது செயற்கை இழைப் பஞ்சு. தின்சுலேட், பிரைமாலாப்ட் என்ற பெயர்களைச் சீட்டில் காணலாம். நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், விரைவில் காயும். பனிச்சறுக்குக்கும் ஈரக்குளிருக்கும் இதுவே ஏற்றது. மூன்றாவது ஆட்டுக் கம்பளி. ஈரத்திலும் சூட்டை முழுவதும் இழக்காது. உள்ளுறைக்கு மிக நல்லது.

பருத்தியைப் பனிக்கு விற்கவே கூடாது. நம் வெயிலுக்கு அது வரம். ஆனால் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரப் பருத்திக்குள் இருக்கும் கை, வெறுங்கையைவிட மோசமான நிலைக்குப் போகலாம்.

பஞ்சைச் சோதிக்க, கையுறையை முட்டிக்குள் இறுக்கிப் பிடித்து விட்டுப் பாருங்கள். உடனே உப்பி எழுந்தால் நல்ல பஞ்சு. தட்டையாகவே கிடந்தால் காற்றைப் பிடிக்கும் திறன் இல்லை.

உள்ளங்கைப் பக்கத்துக்கு ஆட்டுத்தோல் மெதுவானது, உறுதியானது. கோலும் கயிறும் உராய்ந்தாலும் தாங்கும். செயற்கைத் தோல் விலை மலிவு, ஆனால் கடுங்குளிரில் சில சரக்குகள் விறைத்து வெடிக்கும்.

தண்ணீர் புகுமா?

சீட்டில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் வரும். வாட்டர் ரெசிஸ்டென்ட் என்றால் தண்ணீரைச் சற்று நேரம் தாங்கும். வாட்டர் புரூப் என்றால் தண்ணீர் புகாது. முன்னதைப் பின்னதென்று சொல்லி விற்பது தவறு.

மேல்துணியில் ஒரு துளித் தண்ணீர் விட்டால் அது முத்துப்போல உருண்டு ஓடுவதைக் காட்டிச் சிலர் விற்பார்கள். அது மேல்பூச்சின் வேலை. பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்துபோகும். உண்மையில் நீரைத் தடுப்பது மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சவ்வு. கோர்டெக்ஸ் என்ற பெயரில் வருவது இவ்வகையில் புகழ்பெற்றது. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் கண்டுபிடித்த பொருளிலிருந்து உருவானது. அதிலுள்ள நுண்ணிய துளைகள் நீர்த்துளியை உள்ளே விடாது. வியர்வை ஆவியை வெளியே விடும்.

இந்த இரண்டாவது குணம் முக்கியம். நம் மாவட்டம் ரப்பர் விளையும் மாவட்டம். தண்ணீர் புகாத கையுறை என்றால் நம் நினைவுக்கு வருவது ரப்பர் கையுறைதான். ஆனால் மெல்லிய ரப்பர் கையுறை சூடு காக்காது, வியர்வையையும் வெளியே விடாது. கை உள்ளேயே நனையும்.

பனிச்சறுக்கு புதிதாகப் பழகுகிறவர் அடிக்கடி விழுவார். விழும்போதெல்லாம் கையை ஊன்றுவார். ஆகவே தேர்ந்தவரைவிடப் பழகுகிறவருக்கே நீர் புகாத சரக்கு அதிகம் தேவை. "சும்மா இரண்டு நாள்தானே" என்று மலிவானதைக் கேட்கும் இளைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மணிக்கட்டும் கயிறும்

கையுறையின் வாய் இரண்டு விதமாக வரும். குட்டையான வாய் மேலங்கியின் கைக்குள் நுழையும். ஊருக்குள் நடமாட இது போதும். நீண்ட வாய் மேலங்கியின் கைக்கு வெளியே மூடி, சுருக்குக் கயிறால் இறுகும். ஆழ்ந்த பனியில் சறுக்குகிறவருக்கு இதுதான் வேண்டும். மேலங்கியின் கை அகலமா குறுகலா என்று கேட்காமல் இதை விற்கக் கூடாது. இரண்டும் பொருந்தாவிட்டால் மணிக்கட்டில் இடைவெளி விழுந்து பனி உள்ளே இறங்கும்.

சில கையுறைகளில் மணிக்கட்டில் மாட்டும் சிறு கயிறு இருக்கும். அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள், 8,091 மீட்டர் உயரமான அன்னபூர்ணா சிகரத்தை முதன்முதலில் எட்டிய பிரெஞ்சுக்காரர் மோரிசு எர்சோகு, இறங்கும் வழியில் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றி வைத்தார். அவை சரிவில் உருண்டு போயின. பையில் இருந்த மாற்றுக் காலுறையைக் கையில் மாட்டலாம் என்ற எண்ணமும் அந்தக் களைப்பில் அவருக்கு வரவில்லை. கால்விரல்களையும் பெரும்பாலான கைவிரல்களையும் இழந்தே அவர் ஊர் திரும்பினார். உலகப் புகழ் பெற்ற மலையேறிக்கே இந்தக் கதி. நம்மிடம் வாங்கும் பிள்ளைக்கு அந்தக் கயிற்றின் பயனைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. கயிறு இல்லாத சரக்கானால் ஒரு மாற்று ஜோடியும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அளவு பார்ப்பது எப்படி?

தையல்கார நாடாவைக் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகன்ற இடத்தில் சுற்றுங்கள். சுற்றளவு 8 அங்குலம் என்றால் பொதுவாக 8ஆம் எண், 9 அங்குலம் என்றால் 9ஆம் எண். வலக்கைக்காரருக்கு வலக்கையை அளப்பது நல்லது. நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும் என்பதால் போட்டுப் பார்ப்பதே முடிவு.

போட்டதும் விரல் நுனிக்கு மேல் கால் அங்குல இடம் இருக்க வேண்டும். முட்டி மடக்கினால் இறுக்கம் தெரியக்கூடாது. "கச்சிதமாக இருக்கிறது" என்று மகிழ்ந்து சிறிய அளவை எடுப்பவர்கள் பலர். இறுக்கமான கையுறை பஞ்சை நசுக்கிக் காற்றை வெளியேற்றுகிறது, இரத்த ஓட்டத்தையும் தடுக்கிறது. இரண்டும் குளிருக்குக் கதவு திறந்து விடுவது போல. அளவு மிகப் பெரிதானாலும் ஆகாது. வெற்றிடம் முழுவதையும் சூடாக்கக் கைக்குத் திறன் போதாது. உள்ளுறை போடப் போகிறவர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே மேலுறையைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் பிள்ளைக்காகப் பெற்றோரே வந்து வாங்குவது வழக்கம். அப்போது ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பிள்ளையின் கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, நூலால் சுற்றளவும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதம் ஆகும். ஆனால் திரும்பி வரும் சரக்கு குறையும்.

எந்த ஊருக்கு எது?

இலண்டன் போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் மழையும் காற்றும் அதிகம். வெப்பநிலை பெரும்பாலும் சுழிக்கு மேலேயே இருக்கும். அங்கே போகிறவருக்குக் கனத்த பனிக் கையுறை வீண் செலவு. காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய விரல் கையுறை போதும்.

கனடாவுக்கு என்று சொன்னால் எந்த நகரம் என்று கேளுங்கள். டொராண்டோவில் சனவரி மாதச் சராசரி சுழிக்குக் கீழே சில டிகிரிகள். பஞ்சு வைத்த நல்ல கையுறை அங்கே நாள்தோறும் உதவும். வின்னிபெக், எட்மண்டன் போன்ற நடுநாட்டு நகரங்களில் சுழிக்குக் கீழே 20, 30 என்று போகும். அவற்றுக்கு உள்ளுறையும் மிட்டனும் சேர்ந்தே வேண்டும்.

குல்மார்க், ஔலிக்கு நீர் புகாத, நீண்ட வாயுள்ள சரக்கு. ஊட்டி, கொடைக்கானலுக்குப் பின்னல் கையுறையே போதும். ஆனால் இருசக்கர வண்டியில் மலையேறுகிறவருக்குக் காற்று புகாத மேலுறை வேண்டும்.

மின்கலத்தால் சூடாகும் கையுறை வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் மின்கலங்களை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்காக ஏற்றும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது.

விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். உடம்புச் சூட்டளவான வெதுவெதுப்பான நீரில் வைத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வாங்குகிறவரிடம் இதையும் சொல்லி அனுப்புங்கள்.

நம் கடற்கரையின் குளிர்

தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் மீனுக்கு ஐஸ் அள்ளுகிறவர்கள் கேட்டால் மேலே சொன்ன எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர்களுடைய குளிர் சுழி டிகிரியை ஒட்டியது, ஆனால் முழுக்க ஈரம். அதோடு உப்பு, செதில், முள். பனிச்சறுக்குக் கையுறை ஒரே நாளில் நாறி ஊறிப் பாழாகும். உள்ளே பின்னல் துணி வைத்து, வெளியே கனமான ரப்பர் அல்லது பி.வி.சி. பூசிய, பிடி வழுக்காத கையுறையே அவர்களுக்கு உரியது.

இவ்வகை வேலைக் கையுறைகளில் இ.என். 511 என்ற ஐரோப்பியத் தரக்குறியைக் காணலாம். பனிப்பூப் படமும் அதன் அருகே மூன்று எண்களும் இருக்கும். முதல் எண் காற்றுவழி வரும் குளிரைத் தாங்குவது. இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதைத் தாங்குவது. இவ்விரண்டும் 4 வரை போகும், எண் கூடக் கூட நல்லது. மூன்றாவது தண்ணீருக்கு உரியது. 1 என்றால் தேர்வில் தேறியது, 0 என்றால் தேறவில்லை. நான் அன்று விற்ற அட்டையிலும் பனிப்பூப் படம் இருந்தது, எண் ஒன்றும் இல்லை. அது வெறும் சித்திரம்.

கொள்முதலும் இருப்பும்

கம்பளிப் பின்னல் சரக்குக்கு லூதியானா பெயர் பெற்ற ஊர். தோல் வேலைக் கையுறைக்குக் கொல்கத்தா. நாம் நேரே போகாவிட்டாலும், மொத்த வியாபாரியிடம் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்கலாம்.

அதிகம் வாங்கிக் குவிக்க வேண்டாம். கணக்குப் பாருங்கள். ஒரு ஜோடி 600 ரூபாய் வீதம் 12 ஜோடி வாங்கினால் முதல் 7,200 ரூபாய். 900 ரூபாய்க்கு விற்றால், 8 ஜோடி போனபிறகுதான் முதல் திரும்பும். மீதி 4 ஜோடியில்தான் நம் இலாபம். அளவு பொருந்தாமல் அந்த நான்கும் தங்கிவிட்டால் இலாபம் முழுவதும் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். ஆகவே எல்லா அளவுக்கும் பொருந்தக்கூடிய உள்ளுறைகளைக் கூடுதலாகவும், மேலுறையில் அளவுக்கு ஒரு மாதிரி மட்டும் வைத்து, அளவெடுத்து வரவழைத்துக் கொடுப்பது சிறுகடைக்கு ஏற்ற முறை.

வெளிநாட்டு வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பரிலும் சனவரியிலும் தொடங்குகின்றன. ஆடி அமாவாசையை ஒட்டி நம் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும் நாட்களிலிருந்தே பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். அதற்கு முன்பே சரக்கு கடையில் இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே கையுறைக்குப் பெரிய பகை பூசணம். தோல் சரக்கை நெகிழிப் பைக்குள் இறுக்கிக் கட்டாமல் துணிப்பையில் வையுங்கள். மழை நின்ற நாட்களில் நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். பஞ்சுள்ள சரக்கின்மேல் பாரம் ஏற்ற வேண்டாம். கம்பளிக்குப் பூச்சி வராமல் பார்க்க வேண்டும். பலசரக்குக் கடைக்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொன்று: கருவாடு, வெங்காயம், எண்ணெய் டின் இருக்கும் பக்கத்தில் கையுறையை வைக்காதீர்கள். அந்த வாசனை ஏறினால் போகாது.

பொதி செய்த சரக்கானால், 2011ஆம் ஆண்டின் பொதிப் பொருள் விதிகளின்படி அதிகபட்ச விலையும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர் முகவரியும், இறக்குமதிச் சரக்கானால் எந்த நாட்டில் செய்தது என்பதும் அட்டையில் இருக்க வேண்டும். இல்லாத சரக்கை விலை மலிவு என்று வாங்கினால் பொறுப்பு நம் தலையில் விழும். இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியும் தவறு. பில்லில் "கையுறை" என்று மட்டும் எழுதாமல் வகையையும் அளவையும் எழுதுங்கள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

அட்டைப் பெட்டியைத் திறக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. எந்த ஊர், எந்த மாதம்?

2. அங்கே குளிர் காய்ந்ததா, ஈரமா?

3. கையுறை போட்டுக்கொண்டு கை என்ன வேலை செய்யும்?

4. எவ்வளவு நேரம் வெளியே நிற்கவேண்டும்?

முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் எவ்வளவு பஞ்சு என்பது தெரியும். இரண்டாவது, நீர் புகாத சரக்கா என்பதைச் சொல்லும். மூன்றாவது, கையுறையா மிட்டனா என்பதை முடிவு செய்யும். நான்காவது, உள்ளுறையும் வேண்டுமா என்பதைச் சொல்லும். நான்குக்கும் ஏற்ற சரக்கு நம்மிடம் இல்லையென்றால், "என்னிடம் இருப்பது இதற்கு ஆகாது" என்று சொல்லிவிடுங்கள்.

என்னிடம் தவறான கையுறை வாங்கிய அந்த வாடிக்கையாளர் பின்னர் இளைய மகனுக்காகவும் வந்தார். அவன் போவது வின்னிபெக். அந்தக் குளிருக்கு ஏற்றது அப்போது என்னிடம் இல்லை. இல்லை என்றே சொன்னேன். உள்ளுறை மட்டும் இரண்டு ஜோடி கொடுத்து, மேலே போட வேண்டிய மிட்டன் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழ்திக் கொடுத்தேன். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த மாதச் சாமான் சீட்டை என்னிடம் நீட்டினார். அன்றைய கையுறை வியாபாரம் சிறியது. இருபதாண்டுப் பற்றுக் கணக்கு தொடர்ந்தது.